முதல் நாள் கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்!



அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் ஒரு நாள் மதியம், பக்கத்து வீட்டுப் பையன் ஓட்டமாக ஓடி வந்தான். ஏழாம் வகுப்பு படிக்கிறான். கையில் அவன் அப்பாவின் செல்போன்.

"டீச்சர் பாட்டி... ப்ராஜெக்ட் முடிஞ்சிருச்சு! 214 போட்டோ எடுத்திருக்கேன்!" என்றான், மூச்சு வாங்க.

'எங்கள் ஊர்த் தொழில்' என்று ஒரு புகைப்பட ஆல்பம் செய்து வரும்படி பள்ளியில் சொல்லியிருந்தார்களாம். எட்டுப் படம் போதும். ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி எழுத வேண்டும். இவன் ஊர்க்கோடியில் பானை வனைகிற தெருவுக்குப் போய், அரை மணி நேரத்தில் 214 படம் சுட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

அடேயப்பா என்று நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தோம்.

ஒரே பானை 40 படத்தில் இருந்தது. சக்கரத்தில் உட்கார்ந்திருந்தவரின் முதுகு 20 படத்தில் இருந்தது. முகம் தெரிகிற படங்களிலோ முகம் கறுத்துப்போய், பின்னால் இருந்த வாசல் மட்டும் வெள்ளை வெளேரென்று பளிச்சிட்டது. மண் மிதிப்பது இல்லை. பானை தட்டுவது இல்லை. சூளை இல்லவே இல்லை. ஓர் ஆட்டுக்குட்டி மட்டும் 11 படங்களில் மிக அழகாக விழுந்திருந்தது!

"சக்கரம் சுத்துறாரே, அவர் பேர் என்ன?" என்று கேட்டேன்.

"தெரியல பாட்டி."

"படம் எடுக்கட்டுமான்னு அவர்கிட்ட கேட்டியா?"

அவன் விழித்தான். அப்படி ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பதே அவனுக்குத் தோன்றவில்லை.

எட்டுப் படம் தேற்றலாம் என்று பார்த்தால் இரண்டுதான் தேறியது. பையனின் முகம் வாடிவிட்டது. நான் அவனைத் திட்டவில்லை. திட்ட எனக்கு உரிமையும் இல்லை. அவன் செய்த தவறை அவனைவிடப் பெரிதாக, அதுவும் டீச்சராக இருந்துகொண்டே, நான் செய்திருக்கிறேன்.

அது 2003-ஆம் ஆண்டு. வேறு ஊரில், ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்தேன். அறிவியல் கண்காட்சியோடு ஒரு புகைப்படக் கண்காட்சியும் வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. செல்போனில் படம் எடுக்கிற வசதியெல்லாம் அப்போது எங்கள் பக்கம் வரவில்லை. ஃபிலிம் கேமராதான். தெரிந்த ஸ்டூடியோக்காரர் கேமராவை இரவல் கொடுத்தார். ஃபிலிம் ரோல் ஒன்றே ஒன்று வாங்கினோம். ஒரு ரோலில் 36 படம்தான் எடுக்க முடியும். எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்று உடனே பார்க்கவும் முடியாது. ரோல் முழுவதும் முடிந்து, ஸ்டூடியோவில் கொடுத்துக் கழுவி, பிரிண்ட் போட்டு வந்த பிறகுதான் தெரியும். யாராவது கண்ணை மூடியிருந்தால், மூடியது மூடியதுதான்!

வகுப்பில் 31 பிள்ளைகள். ஆளுக்கு ஒரு படம். மீதி ஐந்து, கெட்டுப்போனால் மாற்றுக்கு.

அதனால், எடுக்கப்போகிற அந்த ஒரே படத்தை எல்லோரும் முதலில் நோட்டில் பென்சிலால் வரைய வேண்டும் என்று சொன்னேன். யார் இருக்கிறார், என்ன வேலை செய்கிறார், வெயில் எந்தப் பக்கம் இருந்து விழுகிறது என்று எல்லாமே அதில் தெரிய வேண்டும். இரண்டு வாரம் வரைந்தார்கள், அழித்தார்கள், சண்டை போட்டுக்கொண்டார்கள். கடைசியில் எடுத்த 36 படங்களில் 29 நன்றாக வந்தன. ஸ்டூடியோக்காரரே, "என் கல்யாண ஆர்டர்ல கூட இவ்வளவு தேறாது டீச்சர்" என்றார்.

இப்படித் திட்டம் போட்டுப் படம் எடுப்பது நான் கண்டுபிடித்தது அல்ல. 1858-இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயர் தஞ்சாவூர்ப் பெரிய கோவிலுக்கு வந்தார். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் அவர். கோவிலின் அடிப்பகுதியில் சுற்றிலும் கல்வெட்டு எழுத்துகள் இருக்கின்றன அல்லவா? அவற்றைப் படம் எடுக்க நினைத்தார். ஒரே படத்தில் அடங்காது. பெரிய மரக் கேமராவை ஓரிடத்தில் வைத்து ஒரு படம், பிறகு சற்று நகர்த்தி வைத்து அடுத்த படம் என்று சுவரோரமாகவே போனார். அப்படி எடுத்த 21 படங்களை ஒட்டியபோது சுமார் 19 அடி நீளத்தில் ஒரே படமாக வந்தது! எந்த இடத்தில் ஒரு படம் முடிய வேண்டும், எங்கே அடுத்தது தொடங்க வேண்டும் என்று முன்கூட்டியே யோசிக்காமல் இதைச் செய்திருக்க முடியுமா?

சரி, எங்கள் கண்காட்சிக்கு வருகிறேன்.

தேறிய படங்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்துப்போனது. பானை வனைகிற வீட்டு அம்மா ஒருவர், கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார். நசுங்கிய அலுமினியத் தட்டு. தோளில் கிழிந்த சேலை. முழங்கை வரை காய்ந்த மண். மாலை வெயில் ஒரு பக்கமாக விழுந்து, படம் ஓவியம் போல இருந்தது. அதை மட்டும் பெரிதாக பிரிண்ட் போட்டு வாசலிலேயே மாட்டினேன். வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டாம் நாள் அந்த அம்மாவே வந்தார். அவருடைய பேத்தி எங்கள் பள்ளியில்தான் ஐந்தாம் வகுப்பு படித்தாள். அவள்தான் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். வெளுத்த சேலை கட்டி, தலையில் பூ வைத்து, கண்காட்சி பார்க்க வந்திருந்தார். படத்தின் முன்னால் நின்றார். பக்கத்தில் இருந்த யாரோ, இவர்தான் என்று தெரியாமல், "ஐயோ பாவம்!" என்றார்கள். பேத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த அம்மா கோபப்படவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"நாள் முச்சூடும் பானை வனையுறேன் டீச்சர். அது ஒண்ணும் படம் எடுக்க ஆகலையா?"

படத்தை அப்போதே கழற்றிவிட்டேன். மறுநாள் வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். வேறு ஒன்றும் பேசவில்லை. ஆனால் பார்த்தவர்கள் பார்த்ததை எப்படிக் கழற்றுவது? நோட்டில் அத்தனை விவரம் எழுத வைத்தேனே, 'கேட்டாயிற்றா?' என்று ஒரு கட்டம் போடவில்லையே! படத்தை எடுத்த பிள்ளையின் மீது குற்றமே இல்லை. திட்டம் போட்டவள் நான்.

உலகப் புகழ்பெற்ற படம் ஒன்றிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. 1936-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பட்டாணி பறிக்கும் கூலித் தொழிலாளர்கள் கூடாரத்தில் பட்டினியாகக் கிடந்தார்கள். டொரோதியா லேங் என்ற புகைப்படக்காரர் அங்கே ஒரு தாயைக் குழந்தைகளோடு படம் எடுத்தார். சில நிமிடங்கள்தான். பெயரைக்கூடக் கேட்கவில்லை என்று அவரே பின்னாளில் எழுதினார். படம் பத்திரிகையில் வந்ததும் அரசு அந்த முகாமுக்கு உணவு அனுப்பியது. நல்ல காரியம்தான். ஆனால் அதற்குள் அந்தத் தாயின் குடும்பம் அங்கிருந்து கிளம்பிவிட்டது!

படம் பாடப்புத்தகங்களுக்குப் போனது, 1998-இல் தபால்தலையாகவும் வந்தது. அந்தத் தாய் யார்? ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்று 1978-இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. 42 ஆண்டுகள் கழித்து! அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அவர் வருத்தப்பட்டாராம். அதனால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்றும் சொன்னார். லேங் கெட்டவர் இல்லை. ஏழைகளின் கஷ்டத்தை ஊருக்குக் காட்டத்தான் எடுத்தார். நல்ல எண்ணம் இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

அதனால் என் கருத்து இதுதான். ஆட்களைப் படம் எடுக்கிற ப்ராஜெக்ட் என்றால், முதல் நாள் கேமராவே கொண்டுபோகக் கூடாது. நோட்டும் பென்சிலும் போதும்.

"போன்லதான் எத்தனை வேணும்னாலும் எடுக்கலாமே, எதுக்குத் திட்டம்?" என்று நீங்கள் கேட்பீர்கள். பையனும் கேட்டான். 214 படத்தில் இரண்டுதான் தேறியதே, அதுதான் பதில்!

மறுநாள் காலை இருவரும் நடந்தே போனோம். போன் இல்லை. சக்கரத்தில் இருந்த பெரியவரிடம், "ஐயா, என் ப்ராஜெக்ட்டுக்கு உங்க வேலையைப் படம் எடுக்கணும். எடுக்கலாமா? எப்ப வந்தா உங்களுக்கு இடைஞ்சல் இல்லாம இருக்கும்?" என்று கேட்கச் சொன்னேன். முதலில் கூச்சப்பட்டான். பிறகு கேட்டுவிட்டான். பெரியவர் சிரித்துக்கொண்டே, "நேத்து ஆட்டுக்குட்டியப் படம் பிடிச்ச பய நீதானா?" என்றார்.

அரை மணி நேரம் பேசியதில் எவ்வளவு தெரிந்தது தெரியுமா? சக்கர வேலை காலை ஏழு மணியில் இருந்து ஒன்பது வரை. இவன் முதலில் போன மதியம், மிச்சம் இருந்த மண்ணுக்கு அவர் சும்மா உட்கார்ந்த நேரமாம். சக்கரத்தில் இருந்து இறக்கும்போது பானைக்கு அடிப்பாகம் மூடியிருக்காதாம். பாதி காய்ந்த பிறகு, உள்ளே ஒரு வழவழப்பான கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே சின்ன மரப்பலகையால் தட்டித் தட்டித்தான் அடியை மூடுவார்களாம். அது அவருடைய அம்மாவின் வேலை. தெருவே அவரை அப்பத்தா என்றுதான் கூப்பிடுகிறது. காய வைப்பது நிழலில். நேராக வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். மழை வந்தால் எல்லாமே தள்ளிப்போகும். சூளை தினமும் கிடையாது. அடுத்தது வெள்ளிக்கிழமை மாலைதான், பொங்கல் பானைக்காக.

சூளை இல்லாமல் பானைத் தொழில் ஆல்பமா? வெள்ளிக்கிழமையைக் கேட்காமல் இருந்தால் அது போயிருக்கும்.

'வேண்டாம்' என்பதையும் அன்றே கேட்டுக்கொண்டோம். பெரியவர், "வீட்டுக்குள்ள மட்டும் எடுக்காதப்பா" என்றார். அவர் மருமகள், "என்னைய எடுக்க வேணாம் தம்பி" என்றார். பையன், "ஒண்ணே ஒண்ணு அக்கா..." என்று இழுத்தான். நான் அவன் காதைத் திருகுவது போல ஒரு பார்வை பார்த்தேன். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காரணம் கேட்கவும் கூடாது.

பிறகு வெளிச்சம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கொட்டகைக்குள் இருட்டு, வெளியே வெயில். நீங்கள் உள்ளே நின்றுகொண்டு வாசல் பக்கமாக எடுத்தால், போன் அந்த வாசல் வெளிச்சத்தைப் பார்த்து ஏமாந்துவிடும். படத்தில் வாசல் வெளுத்து, முகம் கறுத்துவிடும். அதுதான் நம் பையனுக்கு நடந்தது. வாசல் உங்கள் முதுகுப் பக்கமோ தோள் பக்கமோ இருக்கும்படி நின்றால் முகம் தெளிவாக விழும். தோள் பக்கம் இருந்தால் இன்னும் நல்லது. பக்கவாட்டு வெளிச்சத்தில் ஈரப் பானையின் மேல் விரல் போட்ட வரிகள்கூடத் தெரியும். உச்சி வெயிலில் ஆட்களை எடுக்காதீர்கள். கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து, எல்லோரும் நாலு நாள் தூங்காதவர்கள் போல இருப்பார்கள். காலையும் மாலையும் வெயில் சாய்வாக இருக்கும், அந்த நேரம்தான் நல்லது. அந்தக் கொட்டகை கிழக்கு பார்த்தது. சக்கர வேலையும் காலையில். கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆயிற்று!

திண்ணையில் உட்கார்ந்து எட்டுக் கட்டம் போட்டு வரைந்தான். தெருவும் கொட்டகையும் தெரிகிற மாதிரி தூரத்தில் இருந்து ஒன்று. பெரியவரும் சக்கரமும் ஒன்று. அவர் விரல்கள் மட்டும், மிகக் கிட்டத்தில் ஒன்று. இப்படி தூரம், நடு, கிட்டம் என்று கலந்து எடுத்தால்தான் ஆல்பம் கதை போல இருக்கும். எல்லாம் ஒரே தூரத்தில் இருந்தால் பத்துப் பக்கமும் ஒரே பாடம் படித்த மாதிரிதான். முதல் நாள் ராத்திரியே போனில் சார்ஜ் ஏற்றுவது, இடம் இருக்கிறதா என்று பார்ப்பது, லென்ஸைப் பருத்தித் துணியால் துடைப்பது... இதையெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"கேட்டுட்டு எடுத்தா போஸ் குடுப்பாங்களே! இயல்பா வராதே!" என்று இன்னொரு சந்தேகம். சரிதான். படம் எடுக்கும் நாளில் பெரியவர் தலை வாரி, சட்டை போட்டு, கை கழுவி, விறைப்பாக உட்கார்ந்துவிட்டார். அதையும் ஒரு படம் எடு என்றேன். அவர் தன்னை எப்படிக் காட்ட விரும்புகிறாரோ, அதுவும் உண்மைதானே? பிறகு போனைக் கீழே வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தான். மூன்றாவது பானைக்கு அவர் எங்களை மறந்தே போனார். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டார். அதன் பிறகு எடுத்ததுதான் விரல் படம்.

வெள்ளிக்கிழமை சூளைக்கு அவன் அப்பாவும் கூட வந்தார். நெருப்பு வேலை நடக்கும் இடத்துக்குப் பெரியவர்கள் இல்லாமல் போகவே கூடாது. பானைகளை அடுக்கி, இடையே வராட்டியும் தேங்காய் மட்டையும் வைத்து, மேலே வைக்கோல் பரப்பி, சேறு பூசி மூடினார்கள். ஆறு மணி வாக்கில் தீ வைத்தார்கள். நல்ல இருட்டில் எடுத்தால் தீ மட்டும்தான் தெரியும், ஆட்கள் தெரிய மாட்டார்கள். வானத்தில் கொஞ்சம் நீலம் மிச்சம் இருக்கிற பத்து நிமிடம்தான் கணக்கு. கை ஆடாமல் இருக்க, தள்ளி நின்று இரண்டு செங்கல்லை அடுக்கி, அதில் போனைச் சாய்த்து வைத்து எடுத்தான். புகைக்கு நடுவே வைக்கோல் தள்ளுகிற பெரியவரின் முகம் செக்கச்செவேலென்று விழுந்தது. அன்று மொத்தமே 19 படம்தான் எடுத்தான்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை, நானும் அந்தக் கூட்டம்தான் என்பதால். வெள்ளிக்கிழமை சொல்லித் திங்கட்கிழமை ஆல்பம் கேட்டால், பிள்ளைகள் கடையில் விற்கிற படத்தை வாங்கி ஒட்டத்தான் செய்வார்கள். இரண்டு வாரமாவது கொடுங்கள். மதிப்பெண்ணில் பாதியை அந்தப் பென்சில் நோட்டுக்குக் கொடுங்கள்.

ஆல்பத்தைப் பள்ளியில் கொடுப்பதற்கு முன், அந்தத் தெருவுக்குப் போய்க் காட்டினோம். பள்ளிக்கு மட்டும்தான், யார் ஸ்டேட்டஸிலும் போட மாட்டேன் என்று பையன் முன்பே சொல்லியிருந்தான். பெரியவர் ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். "இது பொங்கப் பானை இல்லப்பா, தண்ணிப் பானை. வாய் குறுகலா இருக்கு பாரு" என்று ஒன்றைத் திருத்தினார். "செய்யிறதுன்னு எழுதாத, வனையுறதுன்னு எழுது" என்று இன்னொன்று. புத்தகத்தைப் பார்த்து எழுதியிருந்தால் இரண்டும் தப்பாகவே போயிருக்கும்.

அப்போது அப்பத்தா உள்ளே போய், பட்டுக்கரைச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். அடுக்கி வைத்திருந்த பானைகளில் பெரியதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"எத்தா, உன் பள்ளிக்கூடத்துக்கு இல்ல. எனக்கு ஒண்ணு எடுத்துக் குடு" என்றார் பையனிடம்.

ஆல்பத்தில் சேராத அந்த ஒன்பதாவது படத்துக்கு அவன் 20 நிமிடம் எடுத்துக்கொண்டான். பொங்கலுக்கு முன்பே ஸ்டூடியோவில் பெரிதாக பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அப்பத்தா அதை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"தோடு தெரியுது. பானைதான் கொஞ்சம் சரிவா இருக்கு. மறுபடி எடுப்பமா?" என்றார்.